பலகையைக் கழற்ற மாட்டேன்

ஜனவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

வாலு வணக்கம் சொல்லி எழுதுவது. அண்ணன் வீட்டுப் பக்கம் குளிர் அதிகம் என்று அவன் சொன்னான். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? பிரஷர் மாத்திரையை நீங்கள் மறக்கவில்லை என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் விட்டுப்போன பல் கிளினிக்கும் நன்றாக இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் எனக்குப் பாதி வார்த்தை வாயில் இருக்கும்போதே நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

காத்திருக்கும் அறையில், மீன்தொட்டிக்கு மேலே, கட்டணப் பலகை ஒன்று மாட்டிவிட்டேன். பெரிய எழுத்து, வெள்ளையில் நீலம். கம்பவுண்டர் மாமா இந்நேரம் உங்களிடம் போட்டுக் கொடுத்திருப்பார். அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். பல் பிடுங்க நீங்கள் சராசரியாக வாங்கியதைப் போல நாலு மடங்கு. பல்லைக் காப்பாற்றுகிற ரூட் கேனாலுக்கு நீங்கள் வாங்கியதில் பாதிகூட இல்லை. இப்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இதில் விழுகிற துண்டை, பல்லை வெள்ளையாக்கவும் கம்பி போடவும் வருகிறவர்களிடம் ஏற்றிவிட்டேன். அழகுக்குக் கொடுக்கிறவர்கள் கொஞ்சம் கூடத்தான் கொடுக்கட்டுமே.

யார் வந்தாலும் இதுதான். சொந்தம், பழக்கம், பக்கத்து வீடு எதுவும் கிடையாது. திட்டுவதை அம்மா பக்கத்தில் இல்லாதபோது எழுதுங்கள், பாவம் அவள்.

உங்கள் மகள்,
வாலு


ஜனவரி 21

என் மகளுக்கு,

ஆசீர்வாதம் முதலில். கோபம் அடுத்த வரியிலிருந்து.

கம்பவுண்டர் போட்டுக் கொடுக்கவில்லை. அவனுக்கு முன்னால் பேப்பர் கடைக்காரர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், உன் சித்தி என்று வரிசையாகப் போன். 'பொண்ணு கடை திறந்துட்டாளா டாக்டர்?' என்று கேட்கிறார் ஹெட்மாஸ்டர். கடை! நான் உட்கார்ந்த இடத்தை!

இத்தனை வருஷம் நான் பலகை இல்லாமல்தான் தொழில் செய்தேன். பேஷண்ட் நாற்காலியில் சாய்ந்ததும் கால் நீளும், செருப்பின் அடி தெரியும். வாய் பொய் சொல்லும், கைக்கடிகாரம் பொய் சொல்லும், தேய்ந்த அடி பொய் சொல்லாது. குதிகால் தேய்ந்தவன் நடந்து பிழைக்கிறவன். அவனிடம் நான் காசு கேட்டதே இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வேன். கார்க்காரன் வந்தால் சேர்த்துத் தீட்டிவிடுவேன். கணக்கு சரியாகிவிடும். உன்னைப் படிக்க வைத்ததும் அந்தக் கணக்குதான்.

வெள்ளையாக்க வருகிறவனிடம் ஏற்று, வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடுங்க வருகிறவனிடம் ஏற்றினாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா? ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறான். அவனை நாலு மடங்கு கேட்கிறாய். இதற்கா படித்தாய்?

பலகையைக் கழற்று. மீன்தொட்டிக்கு மேலே பழையபடி காலண்டர் மாட்டு.

அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை. எனக்கு ஒன்றும் இல்லை.

அப்பா


பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டேன். கோபத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

சந்தைத் தெருவில் அக்கா தங்கை இரண்டு பேர் இருக்கிறார்களே, நினைவிருக்கிறதா? அக்காக்காரி பாத்திரக் கடைக்காரர் மனைவி. தங்கைக்காரி வீடு வீடாகத் துணி வாங்கித் தேய்த்துக் கொடுக்கிறவள். இரண்டு பேரும் ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள். பல்லும் ஒரே மாதிரி, கடைவாயில் ஒரே இடத்தில் சொத்தை. போன வாரம் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தேன்.

அக்காக்காரிக்கு நீங்கள் போட்ட ரூட் கேனால் மூன்று, மூன்றுக்கும் கேப். பிரமாதமான வேலை அப்பா, பொய் சொல்ல மாட்டேன். தங்கைக்காரிக்கு அந்த இடமெல்லாம் வெறும் ஈறு. எல்லாம் நீங்கள் இலவசமாகப் பிடுங்கியது. முன்பல்லாலேயே மென்று மென்று அதுவும் ஆட ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் செருப்பைப் பார்த்துக் கட்டணத்தை மட்டும் முடிவு செய்யவில்லை. வைத்தியத்தையும் அங்கேதான் முடிவு செய்தீர்கள். காப்பாற்றலாம் என்ற பேச்சையே தேய்ந்த செருப்புக்காரர்களிடம் நீங்கள் எடுத்ததில்லை. உங்களிடம் உதவியாக இருந்த காலத்தில் நீங்கள் அப்படிச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இந்த ஊரில் ஏழை யார் என்று தெரிய வேண்டுமானால் யாரையாவது சிரிக்கச் சொன்னால் போதும்.

அதனால்தான் பிடுங்குவதை ஏற்றினேன். சும்மா கிடைக்கிறதே என்று நல்ல பல்லை யாரும் விட்டுக் கொடுக்கக் கூடாது. பலகை சுவரில்தான் இருக்கும். காலண்டரை கம்பவுண்டர் மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அம்மாவை வெயில் நேரத்தில் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள்.

வாலு


பிப்ரவரி 24

மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம்.

அந்த இடம் என் பெயரில் இருக்கிறது. அதை உனக்கு நினைவுபடுத்த வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட அந்தக் கண்ணாடி போட்ட பல் டாக்டர் பக்கத்துத் தெருவில் வாடகை அறையில் திண்டாடுகிறான். ஜூலையிலிருந்து கிளினிக்கை அவனுக்கே விடுவதாகப் பேசியிருக்கிறேன். அவன் பலகை மாட்ட மாட்டான்.

ஜூன் முடிவதற்குள் பலகையைக் கழற்றினால் நீ இருக்கலாம். இல்லாவிட்டால் சாவியைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிடு. அண்ணன் இதில் தலையிட மாட்டான். அம்மாவிடம் அழுது பயனில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் அழவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. நான் பிறந்தபோது வாங்கிய நாற்காலி அது என்று நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! அதில் கண்ணாடி டாக்டர் உட்கார்ந்து சுழலப்போகிறாரா?

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அக்கா தங்கை பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

என் பக்கத்துச் செய்தியையும் மறைக்காமல் எழுதுகிறேன். கூட்டம் பாதியாகிவிட்டது. மத்தியானத்தில் நானும் மாமாவும் மீனும்தான். ஈ ஓட்டுகிறோம் என்று மாமா உங்களிடம் சொல்லியிருப்பார், அது உண்மைதான். பிடுங்க வேண்டியவர்கள் எல்லாரும் கண்ணாடியிடம் போகிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. கட்டட வேலை செய்கிற ஒருவருக்கு ஞானப்பல் கோணலாக முளைத்து இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதில் காப்பாற்ற ஒன்றுமே இல்லை, எடுக்க வேண்டியதுதான். வந்தவர் பலகையைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அவரை நான் பார்க்கவே இல்லை, பலகைதான் பார்த்தது. மறுபடி வந்தபோது கன்னம் வீங்கி வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை. காய்ச்சல் வேறு. சரியாகிவிட்டார். ஆனால் அந்தத் தப்பு என்னுடையது.

அதனால் பலகையைத் திருத்தினேன். காப்பாற்ற முடியாத பல்லை எடுக்க, நீங்கள் சராசரியாக வாங்கிவந்தது. காப்பாற்றக்கூடிய பல்லை எடுக்கச் சொன்னால், என் புதிய கட்டணம். எது எந்த ரகம் என்று பார்த்துச் சொல்ல, காசே வேண்டாம். திருத்தினேனே தவிர, கழற்றவில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

வாலு


ஏப்ரல் 8

மகளுக்கு,

ஆசீர்வாதம். அம்மா இப்போது பூங்கா வரை நடக்கிறாள். திரும்பும்போது என்னைப் பிடித்துக்கொள்கிறாள், கேட்டால் எனக்காகத்தான் பிடிக்கிறாளாம்.

கட்டட வேலைக்காரர் விஷயத்தைப் படித்தேன். இதைத்தான் நான் கரடியாகக் கத்தினேன். மனுஷனைப் பார்த்துத்தான் கட்டணம் சொல்ல வேண்டும். பலகைக்குக் கண் கிடையாது. நீயே ஒப்புக்கொண்டாய். அடுத்து இன்னொன்று வரும், அதற்கு இன்னொரு வரி எழுதுவாய். கடைசியில் பலகை கூரை வரை போகும்.

அது இருக்கட்டும். இங்கே என்னோடு நடக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். என் வயசுதான். கீழே இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். சூடாக எதையாவது குடித்தால் உயிர் போகிறதாம், குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால் அடங்குகிறதாம். ஆட்டம் இல்லை. தட்டினால் லேசாக வலி. உன் பக்கத்தில் புதிதாக என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எனக்குத் தெரியாமல் இல்லை.

ஜூன் என்று சொன்னது ஜூன்தான்.

அப்பா


ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் நடையைக் கேட்டுச் சந்தோஷம். நண்பரின் பல்லைக் கேட்டுக் கவலை.

சூட்டுக்கு வலித்துக் குளிருக்கு அடங்கினால் உள்ளே நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. ஆட்டம் இல்லை என்றால் வேர் நன்றாக இருக்கிறது. ரூட் கேனால் செய்து கேப் போட்டால் அவர் இருக்கிறவரை அதுவும் இருக்கும். இதை நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். நண்பரைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். யாராவது 'எடுத்துடலாம்' என்றால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். அப்புறம், ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிடுகிறாராமே, அண்ணன் சொன்னான், அதை நண்பர் அம்மாவிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்?

பலகை கூரை வரை போனால் போகட்டும், ஏணி போட்டு எழுதுகிறேன். எல்லாரும் படிக்க முடிகிற இடத்தில் இருக்கிறதே, அது போதும். உங்கள் கட்டணம் உங்கள் தலைக்குள் இருந்தது. அதை யாரும் படிக்க முடியவில்லை, அதோடு வாதாடவும் முடியவில்லை.

சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். தண்ணீர் வசதி உண்டு, ஜன்னல் கிழக்குப் பக்கம். பழைய நாற்காலி ஒன்றும் விலை பேசியாகிவிட்டது. ஜூலையில் நான் தெருவில் நிற்பேன் என்று நினைத்திருந்தால், இல்லை.

நண்பரின் பல் பற்றி உடனே எழுதுங்கள்.

வாலு


ஜூன் 17

அப்பாவுக்கு,

எல்லாரும் நலம் என்று அண்ணன் போனில் சொல்கிறான். நண்பரைப் பற்றிக் கேட்டால் அம்மா பேச்சை மாற்றுகிறாள். நடுவில் இரண்டு கடிதம் போட்டேன், உங்களிடமிருந்து ஒன்றுமில்லை. கோபத்தில் எழுதாமல் இருக்கிற ஆள் இல்லை நீங்கள், கோபத்தில்தான் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். கெடுவுக்குக் காத்திருக்காமல் என் சாமான்களைக் கட்டிவிட்டேன். உங்கள் கருவிகள் எல்லாம் கழுவி, வேகவைத்து, உறை போட்டு, மேல் இழுப்பறையில் இருக்கின்றன. மீன்களுக்கு யார் தீனி போடுவது என்று கண்ணாடி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், அவருக்கு மீன் என்றால் அலர்ஜியாம். சாவி மாமாவிடம் இருக்கிறது. வாங்கும்போது அவர் மூக்கைச் சிந்தினார். உங்களுக்கு உளவு சொல்லிக்கொண்டிருந்தவர் எனக்காக அழுதார்.

ஒன்று கேளுங்கள். போன மாதம் ரூட் கேனால் செய்துகொண்டவர்கள் பிடுங்கிக்கொண்டவர்களைவிட அதிகம். இந்தக் கிளினிக்கில் இதற்கு முன் அப்படி ஒரு மாதம் இருந்ததே இல்லை. வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, 'கொஞ்சம் சேர்த்துப் போட்டா பல்லே நிக்குமா?' என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும்.

பலகையை என்னோடு எடுத்துப் போகிறேன். அதற்குக் காசு கொடுத்தவள் நான்.

வாலு


ஜூன் 26

வாலுவுக்கு,

அம்மா நலம். நான் நலம் என்று எழுதிப் பழகிவிட்டது, அதனால் இப்போதும் எழுதுகிறேன்.

நண்பர் யாரும் இல்லை. உனக்கு அது அன்றைக்கே தெரியும்.

உன் ஏப்ரல் கடிதம் வருவதற்கு முந்தின நாளே போய்விட்டேன். இங்கே இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர், உன் வயசுதான் இருப்பான். நான் இன்ன தொழில் என்று சொல்லவில்லை. சொன்னால் காசு வாங்க மாட்டான், அது ஒரு தொல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன் வலி பொறுக்காமல் அதே தேய்ந்த செருப்போடு கிளம்பிவிட்டேன். நாற்காலியில் சாய்ந்தேன், கால் நீண்டது. அவன் என் காலைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

எக்ஸ்ரே படம்கூட எடுக்கவில்லை. தோளில் கை வைத்து, 'இதை எடுத்துடலாம் பெரியவரே. இந்த வயசுல எதுக்கு வீண் செலவு? நீங்க காசு ஒண்ணும் தர வேணாம்' என்றான்.

நான் எழுந்து வந்திருக்க வேண்டும். அந்தப் பல் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கே வகுப்பு எடுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை, வாலு. அவன் அவ்வளவு அன்பாகச் சொன்னான். காசு வேண்டாம் என்கிற ஆளிடம் 'வேற வழி இருக்கா தம்பி' என்று எப்படிக் கேட்பது? கேட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனோ என்று எனக்கே கூச்சமாக இருந்தது. பல் டாக்டர் எனக்கே வாய் வரவில்லை. ஊசி போட்டான், எடுத்தான். தட்டில் கிடந்ததைப் பார்த்தேன். இரண்டு வேரும் முழுசாக, நேராக இருந்தன. நல்ல பல்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மாவையும் சொல்ல விடவில்லை.

சந்தைத் தெரு தங்கைக்காரியை நினைத்துப் பார்த்தேன். அவள் வாய்க்குள் என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. செருப்பு நினைவிருக்கிறது. நீல வார், அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தாள்.

கண்ணாடியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ அங்கேயே இரு. பலகையும் இருக்கட்டும். நான் தோற்றுவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லாதே. இருக்கட்டும் என்றுதான் சொன்னேன், சரி என்று சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பல் கட்டிக் கொடு. செலவு என்னுடையது. எதற்கு என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

அப்பா


ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு மாமாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் அந்த டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாதித் திட்டு உங்களுக்கும் சேர்த்துத்தான். ஈறு ஆறிவிட்டதா? வலது பக்கமாக மெல்லுங்கள். அம்மாவிடம் இனிமேல் எதையும் மறைக்காதீர்கள், அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கும்.

சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பலகையைப் பழைய ஆணியிலேயே மாட்டியாகிவிட்டது. ஆனால் இனிமேல் இடத்துக்கு வாடகை தருவேன். ஊரில் என்ன வாடகையோ அதை. மகள் என்று முகம் பார்த்துக் குறைத்தீர்கள் என்றால் சைக்கிள் கடை மாடிக்கே போய்விடுவேன். உங்களுக்குப் பல் போன இடத்தில் புதுப் பல் கட்டும் வேலையும் இருக்கிறது. பலகையில் இருப்பதுதான் கட்டணம், வரிசையில்தான் உட்கார வேண்டும்.

நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்லிவிட்டேன். என் கோட்டுகளைத் தேய்த்துக் கொடுக்க வந்தாள் தங்கைக்காரி. உட்கார வைத்து, பலகையைக் காட்டி, 'உங்க கடைவாய்ப் பல்லை எல்லாம் காப்பாத்தியிருக்கலாம்மா. அப்பா உங்ககிட்டச் சொல்லலை. இப்ப அவர் செலவுல கட்டித் தரச் சொல்லியிருக்கார்' என்றேன்.

அவள் கோட்டு மடிப்பை நீவி எடுத்து வைத்தாள். நான் எதிர்பார்த்த மாதிரி அழவும் இல்லை, நம் வீட்டைச் சபிக்கவும் இல்லை. உங்கள் காசு வேண்டாம் என்றாள். பலகையில் போட்டிருப்பதை அவளே தருகிறாளாம். வருகிற புதன்கிழமை ஆரம்பிக்கிறேன்.

எழுந்து வாசல் வரை போனவள் திரும்பி நின்று கேட்டாள். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

'எங்க அக்காவுக்கு அவ வீட்டுக்காரர் பல்லுக்கெல்லாம் காசு தர மாட்டேன்னுட்டார் டாக்டர். அந்த மூணு கேப்புக்கும் பணம் குடுத்தது நான்தான். தேய்ச்சு சேர்த்தது. எனக்கும் வெச்சிருந்தேன். உங்க அப்பா ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?'

நீங்கள் எப்போது வருவீர்கள் என்று சொன்னால் அவளையும் அன்றைக்கு வரச் சொல்கிறேன். இதற்குப் பதிலை நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும், அப்பா.

உங்கள்
வாலு